மாமனாரின் தென்துருவம்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயில் முற்றத்துக்கு வந்து போனைத் திறந்த ஸ்டீபன்ராஜ், தன் மாமனாரின் வலது குதிகாலை ஊரே பாராட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான்.

‘அடேங்கப்பா! என்ன ஒரு ஆழம்!’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘அந்தப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்க்கிறது’ என்று இன்னொருவர். ‘மாஷா அல்லாஹ்! படைச்சவனோட கைவேலையே தனி’ என்று குழுவின் அட்மின் ஜமீல்.

ஸ்டீபன்ராஜ் மெதுவாகத் தலையைத் தூக்கினான். நாலடி தள்ளி, அந்தக் குதிகாலின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சகாயநாதன், மடிப்புக் கலையாத வெள்ளை பேன்ட்டும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக, பங்குச்சாமியாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் பெலிண்டா.

அவன் போனை மனைவியிடம் நீட்டினான். அவள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"மாதாவே! இது எங்கப்பா காலு!"

"மெதுவாடி!"

"இதை எதுக்கு எல்லாரும் நிலாங்கிறாங்க?"

நிலாவும் குதிகாலும் எப்படி இடம் மாறின என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இதில் எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் வேலையைச் சரியாகவே செய்தது. அதுதான் வினை.

ஸ்டீபன்ராஜ் பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். சாயங்காலமானால் காட்டூர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கியை நிறுத்தி நிலாவைப் படமெடுப்பான். செய்முறை ஒன்றும் பெரிதில்லை. கண்ணை வைக்கிற இடத்தில் போன் கேமராவை வைக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். முழுநிலா இதற்கு உதவாது. அன்றைக்கு வெயில் நிலாவின் முகத்தில் நேராக விழும். நிழலே இருக்காது. சுட்ட அப்பளம் மாதிரி தட்டையாகத் தெரியும். அரைநிலா அன்றைக்குத்தான் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும். சின்ன மேடும் நீளமாக நிழல் போடும்; சின்னப் பள்ளமும் கிணறு மாதிரி தெரியும்.

"வெளிச்சம் சாய்ஞ்சு விழுந்தா எதுவும் ஒளிஞ்சுக்க முடியாது" என்று கடைக்கு வருகிறவர்களுக்குக்கூடப் பாடம் எடுப்பான்.

இந்தப் படங்களை அவன் பகிர்ந்துகொள்ளும் இடம் ‘மலைக்கோட்டை கேமரா வட்டம்’ என்கிற வாட்ஸ்அப் குழு. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு படம் போடலாம், கூடவே ஒரே ஒரு வரி. அதன்பின் ஞாயிறு மதியம்வரை படம் போட்டவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள் மட்டும்தான் பேசலாம். இதற்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். போட்டவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், பார்க்கிறவர்கள் படத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்ப்பார்கள் என்பது ஜமீலின் கட்சி. நியாயமான கட்சிதான்.

மூன்று வருடமாக ஸ்டீபன்ராஜ் நிலாவைப் போட்டுவந்தான். மூன்று வருடமாக வந்ததெல்லாம் கட்டைவிரல்கள். யாராவது உட்கார்ந்து நாலு வரி எழுத மாட்டார்களா என்று ஏங்கினான். முக்கியமாக விஜயராணி மேடம். ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற அந்த அம்மாள் பொய்யாகப் பாராட்டத் தெரியாதவர். ‘கோணல்’, ‘தேவையில்லாத மரம்’, ‘எதற்கு எடுத்தீர்கள்?’ என்று மற்றவர்களைக் கிழிப்பார். ஸ்டீபன்ராஜின் நிலாவைக் கிழிக்கக்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

இது நிலாவின் கதை. இனி குதிகால்.

சகாயநாதனுக்கு இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. படுக்கை விரிப்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னால் கேட்கமாட்டார். காரணம், தோல் டாக்டர் பாலு அவருடைய பழைய மாணவர். சகாயநாதன் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் திங்கள்கிழமைதோறும் பிரேயரில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நகத்தையும் குதிகாலையும் தூக்கிக் காட்டச் சொல்லிப் பரிசோதித்தவர். பாலுவை ஒரு தடவை அழுக்குக் குதிகாலுக்காக வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அவன்கிட்ட போயி நான் காலைத் தூக்கிக் காட்டணுமா? செத்தாலும் மாட்டேன்" என்றார்.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஸ்டீபன்ராஜ் படமெடுத்து, ‘தெரிந்தவர் ஒருவர்’ என்று சொல்லி டாக்டருக்கு அனுப்புவது. யார் கால் என்று உலகத்துக்குத் தெரியக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் சகாயநாதன் கட்டிலில் குப்புறப் படுத்தார். மாமியார் லூர்துராணி ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"இடது காலையும் எடுத்துடுங்க மாப்பிள்ளை. அதுதான் இன்னும் மோசம்" என்றார் லூர்துராணி.

"ஒண்ணு போதும்!" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, இந்தப் படம் உங்க போன்லேருந்து டாக்டர் போனுக்குப் போகணும். வேற எங்கயும் போகக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். தான் பல்செட் வைத்திருக்கிற விஷயத்தை ஒரு கல்யாண வீட்டில் உளறிய குற்றத்துக்காகத் தன் சொந்தச் சகலையோடு பல வருடமாகப் பேச்சில்லாமல் இருக்கிறவர். ஸ்டீபன்ராஜுக்கோ அப்பா இல்லை. தினமும் கடை விட்டு வந்ததும் மாமனாரோடு கேரம் ஆடுவதுதான் அவனுடைய நாளிலேயே நல்ல நேரம். அதை இழக்க அவன் தயாராக இல்லை.

ஆனால் படமெடுக்கத் தெரிந்தவனால் மோசமாகப் படமெடுக்க முடியாது. ஜன்னலைப் பாதி சாத்தினான். மாலை வெயில் பக்கவாட்டில் வந்து குதிகாலில் விழுந்தது. நிலாவுக்காக போனைக் கறுப்பு வெள்ளையில் வைத்திருந்தவன் அதை மாற்ற மறந்தான். கறுப்புப் பின்னணியில் வளைந்த சாம்பல் நிற விளிம்பு; அதில் ஆழமான பிளவுகள்; பிளவுக்குள் நிழல்.

பிறகு மாடிக்கு ஓடி அரைநிலாவை எடுத்தான். கறுப்புப் பின்னணியில் வளைந்த சாம்பல் நிற விளிம்பு, அதில் ஆழமான பள்ளங்கள், பள்ளத்துக்குள் நிழல்.

நாற்பது தாண்டியவன், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். தொலைநோக்கியில் பார்க்கும்போது அது இடிக்கும் என்பதால் கழற்றித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்திருந்தான். குழுவின் கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அங்கேயே நின்றபடி, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சாம்பல் கட்டங்களில் ஒன்றைக் குழுவுக்கும் மற்றதை டாக்டருக்கும் அனுப்பிவிட்டான்.

குழுவுக்குப் போன படத்தின்கீழ் இருந்த வரி: ‘இன்றைய அரைநிலா. தயங்காமல் கருத்துச் சொல்லுங்கள்.’

தயங்காமல் சொல்லிவிட்டார்கள்.

"உடனே அழிங்க" என்றாள் பெலிண்டா.

அழித்தான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் போன் அதிர்ந்தது. ஜமீல் அந்தப் படத்தை மறுபடியும் போட்டிருந்தார். முன்னதைவிடப் பெரிதாக.

‘ஸ்டீபன் சார் கூச்சப்பட்டு எடுத்துட்டார். நல்லவேளை, நான் சேமிச்சு வெச்சிருந்தேன். கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கியிருக்கேன். இப்பப் பாருங்க!’

"பளிச்சுன்னு ஆக்கிட்டாரே!" என்று அலறினாள் பெலிண்டா. "இப்ப ரேகைகூடத் தெரியுதுங்க!"

‘தயவுசெய்து இந்தப் படத்தைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று அவசரமாக எழுதி அனுப்பினான். அடுத்த நொடியே அந்தச் செய்தி காணாமல் போனது. அட்மினின் அதிகாரம்.

‘வாய்ப்பூட்டு! வாய்ப்பூட்டு!’ என்று எழுதினார் ஜமீல். ‘மதியம்வரை படம் பேசட்டும். நீங்க பேசாதீங்க சார்.’

படம் பேசியது. பெலிண்டா அடுப்படியில் மீன் குழம்பைத் தீயவிட்டாள். மதியம் நெருங்கும் நேரத்தில் விஜயராணி மேடத்தின் பெயர் திரையில் வந்தது.

‘இந்தப் படத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.’

மூன்று வருடமாகக் காத்திருந்த வரி. அதைப் படித்ததும் அவனுக்குக் கண் கலங்கியது. எதற்குக் கலங்கியது என்று அவனுக்கே விளங்கவில்லை.

மதியம் வாய்ப்பூட்டு திறந்தது. உண்மையைச் சொன்னால், அது யார் கால் என்ற கேள்வி வரும். அதனால், ‘முந்தைய படத்தைவிட இது சிறப்பாக வந்திருக்கிறது. இதையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி உண்மையான நிலாவைப் போட்டான்.

விஜயராணி மேடம் உடனே பதில் எழுதினார். ‘முதல் படத்தில் போய்த் தொட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. இதில் நிலா மட்டும்தான் இருக்கிறது.’

ஜமீல் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "ஸ்டீபன் சார், அந்தப் பள்ளத்தாக்கு நிலாவுல எந்தப் பக்கம்? எல்லாரும் கேக்கறாங்க."

ஸ்டீபன்ராஜுக்குப் பொய் சொல்ல வராது. "கீழ்ப்பக்கம் பாய். ரொம்பக் கீழ. சாதாரணமா வெளிச்சமே படாத இடம்."

"தென்துருவம்!" என்று கத்தினார் ஜமீல். "சார், இந்த வருஷம் ஸ்ரீரங்கத்துல நடக்கிற நம்ம குழுக் கண்காட்சியில இதுதான் முகப்புப் படம். தலைப்பே ‘தென்துருவம்’. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார், போனையும்.

அன்று சாயங்காலம் டாக்டர் பாலுவின் குரல் பதிவு வந்தது. நிலாவைப் பார்த்துவிட்டுப் பேசியிருந்தார்.

"படம் பார்த்தேன் ஸ்டீபன். பயப்பட ஒண்ணுமில்ல. வறட்சிதான். தண்ணியையே பார்க்காத மாதிரி இருக்கு. வெதுவெதுப்பா ஊறவெச்சு, நான் சொல்ற க்ரீமைத் தடவி, மேல சாக்ஸ் போட்டுப் படுக்கச் சொல்லுங்க. வழவழன்னு ஆயிடும்."

குதிகால் என்று சொல்லி எதைக் காட்டினாலும் கண்ணுக்குக் குதிகாலாகத்தான் தெரியும். நிலா என்று சொன்னால் நிலாவாகத் தெரியும். பார்ப்பது கண் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள். கண்ணாடிக் கடையில் இத்தனை வருடம் இருந்தும் ஸ்டீபன்ராஜுக்கு இது அன்றைக்குத்தான் புரிந்தது.

"நிலாவுக்கு எழுதின மருந்தை எங்கப்பா கால்ல தடவச் சொல்றீங்களா?" என்றாள் பெலிண்டா.

அவள் கேட்பதும் சரிதான் என்று பட்டது. சரியான படத்தை டாக்டருக்கு அனுப்பினான். பதில் வந்தது.

"அட, நல்ல முன்னேற்றம்! முதல் படத்துக்கு இது எவ்வளவோ தேவலை. அதே க்ரீமையே போடட்டும்."

மருந்துக் கவலை தீர்ந்தது. கண்காட்சி அழைப்பிதழ்க் கவலை ஆரம்பித்தது.

முகப்பு முழுக்க அந்தப் படம். வழவழப்பான தாளில் ‘தென்துருவம் – படம்: கா. ஸ்டீபன்ராஜ், காட்டூர்’ என்று அச்சாகி வந்தது. தனக்குக் கொடுத்த அழைப்பிதழ்க் கட்டை ஸ்டீபன்ராஜ் கடை அலமாரியில் பூட்டிவைத்தான். அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஜமீல், முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"ஐயா, உங்க மாப்பிள்ளை உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டாருன்னு தெரியும். கூச்ச சுபாவம். அதான் நானே வந்தேன்."

சகாயநாதன் அழைப்பிதழை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். ஸ்டீபன்ராஜின் விரலிலிருந்து ஸ்ட்ரைக்கர் தானாக நழுவி, எந்தக் காயின்மேலும் படாமல் குழியில் போய் விழுந்தது.

மாமனார் எழுந்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போச்சு" என்றான் ஸ்டீபன்ராஜ்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"மாப்பிள்ளை."

"மாமா..."

"இது இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? பங்குச்சாமியாருக்கு, பழைய ஸ்டாஃபுக்கெல்லாம் கொடுக்கணும்."

ஸ்டீபன்ராஜுக்குப் போன உயிர் திரும்பியது. தெரியவில்லை! தன் குதிகாலைத் தானே யார் பார்க்கிறார்கள்? ஆனால் பழைய ஸ்டாஃப் மொத்தமும் வந்து நின்று, பெரிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாராவது ஒருவர் சொல்லிவிட்டால்? அதுவும் குதிகால் பரிசோதனை செய்தவரின் குதிகால் என்று? பல்செட்டுக்கே அந்தக் கதி என்றால், இதற்குக் கேரம் போர்டே எரியும்.

"சின்னதா பிரிண்ட் போடுங்க பாய். தபால்கார்டு அளவு போதும்" என்று ஜமீலிடம் கெஞ்சினான்.

ஜமீல் அதை விஜயராணி மேடத்திடம் சொல்ல, அவர், "இந்த அடக்கம்தான் அவர் படத்துல தெரியுது" என்று நெகிழ்ந்து, தன் ஸ்டூடியோவிலேயே கதவு உயரத்துக்குப் பிரிண்ட் போட்டுவிட்டார்.

இதற்கிடையில் பெலிண்டா ஒரு சேதி சொன்னாள். "அப்பா இப்பல்லாம் வலது கால்ல மட்டும்தான் சாக்ஸ் போட்டுக்கிட்டுப் படுக்கறாராம்."

"இடது கால் ஆறியிருக்கும்."

"அதுதானே மோசம்னு அம்மா சொன்னாங்க?"

"மோசமானதுதான் முதல்ல ஆறும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவன் கவலை முழுக்கக் கதவு உயரத்தில் இருந்தது.

கண்காட்சி அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஹாலில். ஸ்டீபன்ராஜ் விடிந்ததுமே போய், முகப்பில் சாய்த்து வைத்திருந்த படத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஹாலின் கடைசி மூலைக்குக் கொண்டுபோனான். இருட்டான மூலை. விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்துச் சுவரில். இங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று மாட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

விளக்கைப் போட்டதும்தான் தன் பாடம் தனக்கே ஞாபகம் வந்தது. வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. விஜயராணி மேடம் போட்டிருந்ததோ மேடு பள்ளமான சொரசொரப்புத் தாள். சுற்றிலும் இருட்டு, நடுவில் அந்தக் குதிகால் சுவரை விட்டு வெளியே வந்து நின்றது. ஒரு வெடிப்புக்குள் பல்லி போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இடம் தேர்ந்தெடுத்தீங்க பாருங்க, அது!" என்றார் விஜயராணி மேடம். மற்ற படங்களை விட்டுவிட்டு எல்லோரும் அந்த மூலைக்கே வந்தார்கள்.

சரியாக அப்போது சகாயநாதன் வந்தார். வெள்ளை பேன்ட், கறுப்பு ஷூ, கழுத்தில் ஒரு டை வேறு. பின்னால் லூர்துராணி, பங்குச்சாமியார், பழைய ஸ்டாஃப் ஒரு வேன் நிறைய. கூட்டம் வழிவிட்டது. அவர் படத்துக்கு முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஸ்டீபன்ராஜ் பெலிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் மனசுக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பெரியவங்க நீங்க ஒரு கருத்துச் சொல்லணும்" என்றார் விஜயராணி மேடம்.

சகாயநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பழைய ஸ்டாஃப் பழக்கதோஷத்தில் நேராக நின்றது.

"இதெல்லாம் ஒரே நாள்ல வர்ற விஷயம் இல்லம்மா. இதுக்குப் பின்னாடி எத்தனை வருஷ உழைப்பு இருக்கு! எத்தனை நடை, எத்தனை வெயில்! பார்க்கிறவங்க சும்மா பார்த்துட்டுப் போயிடுவாங்க. பட்டவனுக்குத்தான் தெரியும்." படத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "இப்படி ஒரு வெளிச்சத்துல நிறுத்தி, உலகத்துக்குக் காட்டணும்னு ஒருத்தருக்குத் தோணிச்சே, அதுதான் பெரிசு."

கைதட்டல் ஹாலை நிறைத்தது. பங்குச்சாமியார் ஸ்டீபன்ராஜைக் கட்டிக்கொண்டார். விஜயராணி மேடம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். மாமனார் தன்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைக்கிறாரா என்று ஸ்டீபன்ராஜுக்கும் நெஞ்சு நிறைந்தது. யாருக்கும் தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. சாயங்காலம் நிம்மதியாகக் கேரம் ஆடலாம்.

துள்ளலோடு காபி மேஜைப் பக்கம் வந்தான். மாமியார் லூர்துராணி தனியாக உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார். இனி அந்தப் பேச்சை எடுத்தால்கூட ஆபத்தில்லை என்ற தைரியத்தில் கேட்டான்.

"மாமா கால் இப்ப எப்படி இருக்கு அத்தை?"

"வலது காலு குழந்தைக் காலாட்டம் ஆயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் லூர்துராணி. "இடது காலுலதான் ஒரு பொட்டு மருந்து வைக்க விடமாட்டேங்கிறாரு. ‘தொடாதடி, அது அடுத்த வருஷத்துக் கண்காட்சிக்கு’ங்கிறாரு."